ஆர்.சி.சி.பி.: டப்பா நல்லதுதான், உங்கள் வீட்டு வயரிங் எப்படி?

பத்துக்கு எட்டரை. மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிட்டேன். அவசரக்காரர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். ஆனால் உங்கள் வீடு இருபது முப்பது வருஷத்துக்கு முந்தியது என்றால் கொஞ்சம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். இந்தச் சாமானை வாங்குவது சுலபம். அதை வீட்டில் நிற்க வைப்பதுதான் வேலை.

நான் வாங்கியது ஆர்.சி.சி.பி. கரண்ட் எங்காவது தரைக்குக் கசிந்தால் (லீக்கேஜ்) உடனே லைனை வெட்டி ஆளைக் காப்பாற்றுகிற டப்பா. பழைய ஆட்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்கிறார்கள், கடையில் அப்படிக் கேட்டாலும் இப்போது இதைத்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற வகை), 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. விலை 2,600 ரூபாய், பில்லோடு. ஹேவல்ஸ், லெக்ராண்ட், ஷ்னைடர் என்று நாலைந்து கம்பெனிச் சரக்கு எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. நான் எதை வாங்கினேன் என்பது இங்கே முக்கியமில்லை. எனக்கு வந்த தொல்லை எதுவும் டப்பாவால் வந்ததில்லை, எல்லாம் எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து வந்தவை.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். கும்பகோணம், காவிரிக்கரைப் பக்கத்துத் தெரு. மாமனார் 1978இல் கட்டியது. கீழே நாங்கள், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாடிக்குத் தனி மீட்டர். ஐப்பசி பிறந்தால் பின்கட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிடும். மெயின் போர்டில் இருந்தவை பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒற்றைக் கம்பி போட வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு காலத்தில் யாரோ நாலைந்து பிரியை முறுக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். “எங்க வீட்டுல ஃபியூஸ் போனதே இல்லை” என்று இதில் எல்லாருக்கும் பெருமை வேறு. எப்படிப் போகும்? சுவருக்குள் வயர் உருகினாலும் அந்தக் கட்டை அசையாது.

இந்த வீட்டில் இருந்துகொண்டுதான் நான் தெருவுக்குத் தோசை மாவு அரைத்துக் கொடுக்கிறேன். கிரைண்டர் தினமும் ஓடும். தரை எப்போதும் ஈரம். கையில் மாவு, காலில் ஒன்றும் கிடையாது. மாவு வழிக்கும்போது அவ்வப்போது விரலில் சுருக்கென்று ஒரு இழுப்பு இருக்கும். இதற்கு என் மாமியார் சொன்ன வைத்தியம், “செருப்புப் போட்டுக்கிட்டு வழிச்சுடு.” பாதி ஊருக்கு இதே வைத்தியம்தான் என்று நினைக்கிறேன். ரப்பர் செருப்பு ஷாக்கைக் குறைக்கும், வாஸ்தவம். ஆனால் கிரைண்டர் உடம்பில் கரண்ட் வந்து நிற்பது நிற்பதுதான். செருப்பில்லாமல் ஒரு குழந்தை ஓடிவந்து அதைப் பிடித்தால்?

டப்பா என்ன செய்கிறது என்பதை எலக்ட்ரீஷியன் தம்பி எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பேஸ் வழியாக வீட்டுக்குள் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். காலையில் மாவோடு அனுப்பிய தூக்குகளை ராத்திரி எண்ணிப் பார்ப்பேன் இல்லையா, அதே மாதிரி இது ஒவ்வொரு நொடியும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. உங்கள் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் கரண்ட் தரைக்கு இறங்கினால் கணக்கில் துண்டு விழும். அந்தத் துண்டு 15 மில்லி ஆம்பியரைத் தாண்டியதிலிருந்தே டப்பா விழலாம், அதாவது தானே அணைந்துகொள்ளலாம். 30க்கு வந்தால் விழுந்தே ஆக வேண்டும், அதுவும் 0.3 நொடிக்குள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டிவிடும்.

“அதான் எம்.சி.பி. இருக்கே?” என்று கேட்பவர்களுக்கு: எம்.சி.பி. என்பது பழைய ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாக இப்போது வைக்கிற ஸ்விட்ச். லைட், ஃபேன் லைனுக்குப் போடுகிற 6 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 6,000 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. விழுகிற அளவைப் போல 200 மடங்கு. மனுஷன் உடம்பில் பாய்கிற கரண்ட் எம்.சி.பி.க்கு ஒரு பொருட்டே இல்லை. அது வயரைக் காப்பாற்றுகிற சாமான், இது ஆளைக் காப்பாற்றுகிற சாமான். இது இருக்கிறதே என்று எம்.சி.பி.யை விட்டுவிடவும் கூடாது. ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. இரண்டும் ஒரே டப்பாவில் வேண்டுமென்றால் ஆர்.சி.பி.ஓ. என்று தனியாக இருக்கிறது, விலை கூடுதல்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, இதைப் போட்டால் ஷாக்கே அடிக்காது என்பது. அடிக்கும். கரண்ட்டின் அளவை இது குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. சுள்ளென்று ஒரு அடி, அதற்குள் லைன் விழுந்திருக்கும். கை ஒட்டிக்கொண்டு விடுபட முடியாமல் போவதற்கு அவகாசம் தராது. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டால் மட்டும் இது உதவாது. கணக்கு சரியாக இருக்கிறதே, அது ஏன் விழும்?

சரி, மாட்டிய கதைக்கு வருகிறேன்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, “பழைய வீட்டுக்கெல்லாம் இது சரிப்படாதுங்க. சும்மா சும்மா விழும். நீங்களே கழட்டிடுவீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் எரிச்சல். விழும் என்பது சரி. சும்மா விழும் என்பதுதான் தப்பு. காரணமில்லாமல் விழுவது அபூர்வம். காரணத்தைத் தேட ஆள் இல்லாததால்தான் பல வீடுகளில் இந்த டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு நேராக இணைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு டப்பா அலமாரியில் தூங்குகிறது.

அப்புறம் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். அவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், ஆனால் வேறு மாதிரி.

“மாட்டுறது ஒரு மணி நேர வேலைக்கா. ஆனா நிக்காது.”

“ஏன் தம்பி?”

“உங்க வயரிங்ல இருக்கிற தப்பையெல்லாம் இது காட்டிக் கொடுத்துடும். ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கிட்டே வரணும். அதுக்குச் சம்மதம்னா மாட்டலாம்.”

இந்த ஒரு பேச்சுக்காகவே அவரை வைத்துக்கொண்டேன்.

முதலில் எர்த். கிணற்றடியில் எர்த் குழி இருக்கிறது, கரியும் உப்பும் போட்டு மாமனார் தோண்டியது, மழையில்லாத நாளில் தண்ணீர் கூட ஊற்றுவோம். குழி பத்திரமாக இருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வரும் ஜி.ஐ. கம்பி சுவரோரத்தில் துருப்பிடித்து அறுந்து எத்தனை வருஷமோ. மீட்டர் பக்கத்திலிருந்து பேஸ் எடுத்து, மறுமுனையை எர்த்தில் வைத்து 100 வாட் குண்டு பல்பைக் கொளுத்திப் பார்த்தார். மினுக்கென்று கூட வரவில்லை. புது ராடு இறக்கி, செம்புக் கம்பி இழுத்த பிறகு அதே பல்பு பளிச்சென்று எரிந்தது. இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

எர்த் இல்லாமலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால் கிரைண்டரில் லீக்கேஜ் வந்த நிமிஷமே, யாரும் தொடாமலே விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர்கள் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கின பிறகுதான் விழும். நம்மையே டெஸ்டராக ஆக்கிவிடும். ஆகவே டப்பாவுக்குக் காசு இருக்கிறது, எர்த்துக்கு இல்லை என்கிற கணக்கு வேண்டாம்.

இரண்டாவது, என் கிரைண்டர் பிளக் பாயின்ட். ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றியதும் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று துளை சாக்கெட். மேலே எர்த் துளைக்குப் பச்சை வயர் அழகாக வந்திருந்தது. அந்தப் பச்சை வயரின் நீளம் ஒரு சுண்டுவிரல். அதன் மறுமுனை பக்கத்திலிருந்த நியூட்ரல் ஸ்க்ரூவில். அவ்வளவுதான் எங்கள் எர்த்! முன்பு எப்போதோ வந்த ஒருவர், எர்த் இல்லாத பாயின்ட்டுக்கு எர்த் கொடுத்த லட்சணம் இது. அந்த நியூட்ரல் வயர் எங்காவது லூஸாகி விட்டுப்போனால், கிரைண்டரின் மொத்த எவர்சில்வர் உடம்புக்கும் 230 வோல்ட் வந்துவிடும், மோட்டார் ஓடாமல் அமைதியாக நிற்கும். ஓடவில்லையே என்று முதலில் என்ன செய்வோம்? தொட்டு ஆட்டிப் பார்ப்போம்.

அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு நிஜ எர்த் வயரை இழுத்துவந்து கொடுத்தார். டப்பாவைப் போட்டார். கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டேன். டப். விழுந்துவிட்டது. மறுபடி தூக்கினால் மறுபடி டப். மோட்டாரில் ஈரம் இறங்கி காயில் லீக்கேஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. மோட்டாரை ரீவைண்டிங் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வந்தபின் கிரைண்டர் ஓடுகிறது, டப்பா நிற்கிறது, விரலில் இழுப்பு இல்லை. மாமியார் மட்டும் இன்னும் செருப்பு போட்டுக்கொண்டுதான் வழிக்கிறார்.

எல்லாவற்றையும் விடத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது மாடிப்படி லைட். பகலெல்லாம் டப்பா நிற்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு விழும். தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு விழும். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி ஏற்றிப் பார்த்தோம், ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. கடைசியில் மாடியில் குடியிருப்பவர்கள் ஏறி இறங்குகிற நேரமும் டப்பா விழுகிற நேரமும் ஒன்று என்பதை என் மகள்தான் கவனித்துச் சொன்னாள். மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச் என்கிற டூ வே லைட் அது. பேஸ் எங்கள் மீட்டரிலிருந்து வருகிறது. நியூட்ரலை மட்டும் வயர் மிச்சம் பிடிக்க மாடி மீட்டரின் லைனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கரண்ட் எங்கள் டப்பா வழியாகப் போகிறது, மாடி வழியாகத் திரும்பிவிடுகிறது. இதன் கணக்கில் அது காணாமல் போன கரண்ட். இருந்தது 9 வாட் எல்.இ.டி. பல்புதான். 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 39 மில்லி ஆம்பியர் வருகிறது. 30க்கு மேலே. ஒரு சின்ன பல்பு ஒரு வீட்டையே இருட்டாக்கப் போதும்.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. நாங்கள் மெயினை அணைத்துவிட்டு அந்த லைட்டில் கை வைத்தாலும் மாடி லைன் அதில் சேர்ந்தேதான் இருக்கும். மாடிக்கு ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் என்று வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர்கள், படி லைட், மொட்டைமாடி லைட், மோட்டார் சுவிட்ச் மூன்றையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். எங்கள் தம்பி சொன்னபடி, அவர் போகிற வீடுகளில் நியூட்ரல் கலப்பு அகப்படுகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

மீதி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்கட்டு ஓதச் சுவரில், பைப்புக்கு வெளியே, டேப் மட்டும் சுற்றி விட்ட ஒரு ஜாயின்ட். மழை பெய்தால் விழுந்தது, வயரையே மாற்றினோம். மார்கழியில் மட்டும் போடுகிற வாட்டர் ஹீட்டர். வருஷத்தில் முதல் தடவை போடும்போது விழுந்தது. அந்தக் காயிலுக்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்களாம், சும்மா கிடக்கும் மாதங்களில் அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காயில் பழசு என்பதால் மாற்றிவிட்டோம். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு ஒன்று இருந்தது, அதைச் சோதிக்கக்கூட இல்லை, காயலான் கடைக்குப் போட்டாயிற்று.

கடைசியில் தம்பி ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அதே குண்டு பல்பை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை பல்பு எரியக் கூடாது, டப்பா விழ வேண்டும். எல்லாப் பாயின்ட்டிலும் விழுந்தது. உங்கள் வீட்டில் வேலை முடிந்தால் இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், செய்து காட்டிய பிறகே கூலியைக் கொடுங்கள். டப்பாவில் இருக்கும் டெஸ்ட் பட்டன் இதற்கு ஈடாகாது. அந்தப் பட்டன் டப்பாவுக்குள் இருக்கும் இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டனை அமுக்கினால் ஜம்மென்று விழும்.

ஆனாலும் பட்டனை அமுக்க வேண்டும். உள்ளே இருப்பது ஸ்பிரிங்கும் நெம்புகோலும், வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இறுகிப்போகும். நான் ஈபி பில் கட்டுகிற அன்று அமுக்கிவிடுகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தானாக ஞாபகம் வந்துவிடும். மாதம் ஒரு முறை அமுக்கினால் இன்னும் நல்லது. மாமியார் சீரியல் பார்க்கும் நேரத்தில் மட்டும் அமுக்காதீர்கள்.

இது எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் போட்டுவிட்டோம் என்கிற தைரியத்தில்தான் அடுத்த விஷயத்தைக் கோட்டை விடுவார்கள்.

புரட்டாசி சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போடுகிற நாள், வீட்டில் வெங்காயம்கூடக் கிடையாது. சமையலறையில் நல்ல மீன் வாடை. “யாருடி இன்னைக்குப் போய் மீன் பொரிக்கிறது?” என்று மாமியார் கொல்லைப்புறம் வரை போய்ப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வாடை வந்தது இண்டக்ஷன் அடுப்பு செருகியிருந்த ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து. சுவிட்ச், சாக்கெட் செய்கிற பிளாஸ்டிக்கில் சில வகை சூடேறினால் அப்படியே மீன் வாடைதான் அடிக்கும். சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி வெள்ளை நிறம் மாறி, டீ டிகாக்ஷன் சிந்தினது போல் பழுப்பாகியிருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் பின் தொட முடியாத சூடு.

டப்பா அப்போது மாட்டியாகிவிட்டது. அது விழவே இல்லை, விழவும் கூடாது, ஏனென்றால் எங்கும் லீக்கேஜ் இல்லை. போன கரண்ட் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தது, வழியில் ஒரு லூஸ் ஸ்க்ரூவில் நெருப்பு மூட்டிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். எம்.சி.பி.யும் விழாது, அந்த லைனின் எம்.சி.பி. அளவைக் கரண்ட் தாண்டவில்லையே. 2,000 வாட் அடுப்பு இழுப்பது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில், மாற்று பிளக் ஒன்றை நடுவில் வைத்துச் செருகியிருந்தோம். இப்போது அதற்குத் தனி 16 ஆம்பியர் சாக்கெட், மெயினிலிருந்து தனியாக இழுத்த 4 ஸ்கொயர் எம்.எம். வயர், தனி எம்.சி.பி. வீட்டில் தீப்பிடிப்பதைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரி இடங்களைத்தான். அடுப்பு, ஹீட்டர், அயர்ன்பாக்ஸ், ஏசி, இந்த நாலும் எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகப் போகிறதா, அரை மணி ஓடின பிறகு பிளக் சூடாகிறதா. காசு செலவில்லாத சோதனை. லீக்கேஜால் ஓதச் சுவரிலோ எலி கடித்த வயரிலோ பற்றுகிற தீயை ஆர்.சி.சி.பி. தடுக்கும். லூஸ் கனெக்ஷனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது அந்த ஒன்றரை மதிப்பெண்ணைக் கழித்த காரணம். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

ஒரு ராத்திரி இடி மின்னல். இடி இடித்தால் சில சமயம் இந்த டப்பா விழும், அது எல்லா இடத்திலும் கேட்கிற புகார். விழுந்தது. ஆனால் எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. மழை என்றால் கரண்ட் போவது வழக்கம்தானே என்று தூங்கிவிட்டோம். காலையில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, மாடியில் மிக்ஸி சத்தம் கேட்டது, எங்கள் வீட்டில் மட்டும் ஃப்ரிட்ஜ் செத்துக் கிடந்தது. இரண்டு அடுக்கு மாவு பொங்கிப் புளித்துப்போயிருந்தது. அன்றைக்கு தெருவுக்கே புளித்த தோசை என்று கொடுக்க முடியுமா? கொட்டினேன்.

இதில் நஷ்டத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. டப்பா விழுந்துவிட்டது, இனி எங்கும் கரண்ட் இல்லை என்று நினைத்து யாரும் ஸ்விட்ச் பாக்ஸில் கை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். எங்கள் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் “இன்வெர்ட்டரையும் அணை” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மாமியார் கேட்டார் என்பதற்காக ஒரு 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் வாங்கினோம். அதற்குத் தனியாக விமர்சனம் எழுத இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, நடக்காமலே இருக்கட்டும். அடுப்புக்கு மேலே மாட்டாமல், வெளியே ஓடுகிற வழியில், வாசற்கதவுப் பக்கம் மாட்டியிருக்கிறோம். முள் பச்சையில் நிற்கிறதா என்பதை டெஸ்ட் பட்டன் அமுக்குகிற அன்றே பார்த்துவிடுவேன். அதே நாளில் கேஸ் டியூபில் அச்சடித்த வருஷத்தையும் ஒரு பார்வை. ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த டியூபை வைத்திருக்கக் கூடாது. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906க்கு அடியுங்கள்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். டப்பா 2,600. புது டி.பி. பெட்டியும் (ஃபியூஸ் போர்டுக்குப் பதிலாக வைத்தது) எம்.சி.பி.க்களும் 3,500 பக்கம். எர்த் வேலை 4,000. வயர், சாக்கெட், ஹீட்டர் காயில், மோட்டார் ரீவைண்டிங், கூலி எல்லாம் சேர்த்து 19,000ஐத் தாண்டியது. “ரெண்டாயிரத்து அறுநூறு ரூபா சாமானுக்கு பத்தொன்பதாயிரமா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த 16,000 சொச்சம் டப்பாவுக்கு ஆன செலவு இல்லை, நாற்பது வருஷமாகச் செய்யாமல் விட்ட செலவு என்று சொன்னேன். புது வீடு, ஒழுங்கான வயரிங் என்றால் உங்களுக்கு டப்பா விலையும் ஒரு நாள் கூலியும்தான் ஆகும். மின்வாரியமே வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் இதை வைக்கச் சொல்லி அறிவித்துவிட்டது, இனி கட்டுகிறவர்கள் யோசிக்கவே தேவையில்லை.

கடையில் கேட்க வேண்டியவை. 30 மில்லி ஆம்பியர்தானா என்று டப்பாவின் முகத்திலேயே பாருங்கள், 100, 300 என்றும் வருகிறது, அவை ஆள் பாதுகாப்புக்கு இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்கிற எண்ணும் இருக்க வேண்டும். டைப் ஏ கேளுங்கள். முகத்தில் அலை கோட்டுக்குக் கீழே இன்னொரு பாதி அலை வரைந்திருக்கும், அலை மட்டும் இருந்தால் அது பழைய டைப். இண்டக்ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் எல்லாம் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் வைத்தவை, அவற்றில் வருகிற ஒரு வகை லீக்கேஜைப் பழைய டைப் சரியாகப் பிடிக்காது. விலை வித்தியாசம் சில நூறுதான் சொன்னார்கள். பாதி விலைக்குத் தருகிறேன், பில் வேண்டாம் என்பவரிடம் வேறு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு மட்டும் மெயினிலிருந்து தனி லைன் இழுத்துத் தனி ஆர்.சி.பி.ஓ. போட்டுவிடலாம் என்கிறார் தம்பி. மற்ற லைனில் எது விழுந்தாலும் ஃப்ரிட்ஜ் ஓடும். விலை விசாரித்தாயிற்று. பொங்கல் மாவு ஆர்டர் காசு வந்ததும் வாங்குகிறேன்.